ரப்பர் நிலாவுக்கு மௌன அஞ்சலி

கண்ணாடிக்காரிக்கும் அவளுடைய நாத்தனாருக்கும் சமையலில் போடும் உப்பில் தொடங்கி ஃபேன் சுற்றும் வேகம் வரைக்கும் எதிலும் ஒத்துப்போகாது. ஒன்றே ஒன்றில் ஒத்துப்போனது. பாட்டு. அதிலும் ஒரு குறிப்பிட்ட மாதிரிப் பாட்டு. நாற்பது வருஷத்துக்கு முன்னால் சின்தசைசர் என்கிற மின்சாரப் பெட்டி புதிதாகச் சந்தைக்கு வந்த காலத்தில், குளிர்சாதனப் பெட்டிக்குக் காதல் வந்தால் எப்படி முனகுமோ அப்படி ஒலித்ததே, அந்தப் பாட்டு. அந்தக் காலத்தில் இருவரும் பிறந்திருக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

கண்ணாடிக்காரிக்கு வேலை கண் கண்ணாடிக் கடையில். உயரமான நாற்காலியில் ஆளை உட்கார வைத்து, மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு எடுத்து, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். யாருமே உறுதியாகப் பதில் சொன்னதில்லை. அந்த அலுப்பில்தான் ஒருநாள் பழைய சாமான் கடையில் நான்கைந்து கட்டைகள் அழுத்தினால் எழாமல் ஒட்டிக்கொள்கிற சின்தசைசர் ஒன்றை வாங்கி வந்தாள்.

நாத்தனார் முடி வெட்டுகிறவள். பார்லரில் நல்ல பெயர். ஆனால் புருஷனை விட்டுவிட்டு அண்ணன் வீட்டோடு வந்ததிலிருந்து சுவரை ஒட்டியே நடந்தாள். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் அவள் எதிரிலேயே அவளுடைய அண்ணனிடம், "அவ நல்லா இருக்காளா?" என்று கேட்பார்கள். அண்ணனும் திரும்பிப் பார்த்துவிட்டு, "இருக்கா" என்பார். அவளும் அதை ஆமோதிப்பது போல் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

அண்ணி ஒருநாள் கூடத்தில் உட்கார்ந்து ஒட்டிக்கொள்ளாத கட்டைகளை மட்டும் வைத்து ஒரு மெட்டைத் தட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் பாடினாள். வெளியே வந்து பாடவில்லை. உள்ளேயிருந்தே பாடினாள். கண்ணாடிக்காரி வாசிப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள் என்று பயந்து, கை வலிக்க வலிக்க அதே நான்கு சுரங்களைச் சுற்றிச் சுற்றி வாசித்தாள். "ரப்பர் நிலா" என்கிற இசைக்குழு அப்படித்தான் பிறந்தது.

படமெடுத்தவர் கண்ணாடிக்காரியின் புருஷன். லிஃப்ட் மெக்கானிக். பழைய டேப் கேமரா ஒன்றை வைத்திருந்தார். எதை எடுத்தாலும் குறுக்கே இரண்டு கோடு ஓடும். முதல் பாட்டின் பெயர் "லைன்ல இருங்க". லிஃப்ட் கதவு திறக்கிறது. புகை வருகிறது. புகைக்குள்ளிருந்து நாத்தனார் வருகிறாள். சோபா மெத்தையை அறுத்துத் தைத்த தோள்கள். கண்ணிமை மேல் மயில் நீலம். முடியோ ஒரு டப்பா ஸ்பிரே முழுவதையும் குடித்துவிட்டு மேல்நோக்கி நிற்கிறது. கையில் ஒயர் அறுந்த தொலைபேசி. ஜன்னல் பட்டைகளின் நிழல் வரிவரியாக முகத்தில் விழ, அவள் நேராகக் கேமராவைப் பார்த்துப் பாடுகிறாள்:

லைன்ல இருங்க, லைன்ல இருங்க,
நீங்க கேட்ட இதயம் வேறொரு அழைப்பில் இருக்குங்க.

பின்னால் கண்ணாடிக்காரி உதட்டைக்கூட அசைக்காமல் ஒரே விரலால் வாசிக்கிறாள். வெளியே மழை பெய்கிறது. மழைக்குப் பொறுப்பு லிஃப்ட் மெக்கானிக்கின் ஒரு கையிலிருந்த தண்ணீர்க் குழாய்.

படம் எப்படியோ பரவியது. பார்லருக்கு வந்த பெண்கள் அந்த முடி வேண்டும் என்று கேட்டார்கள். அது தன் முடிதான் என்று நாத்தனார் சொல்லவில்லை. ஆனால் நடக்கும்போது சுவரைவிட்டு ஓரடி தள்ளி நடந்தாள். அண்ணிதான் அதைக் கவனித்தாள். இரண்டாவது பாட்டும் வந்தது. நகர மண்டபத்தில் பாட முடியுமா என்று மண்டபத்து மேனேஜர் தொலைபேசியில் கேட்டார். சரி என்றார்கள். அதற்கு அடுத்த நாள் கண்ணாடிக் கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள்.

ஒருவர் கேட்காமலேயே பரிசோதனை நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். மற்றவர் கதவைச் சாத்தினார்.

"நீங்க பழசா?" என்று கேட்டார் உட்கார்ந்திருந்தவர்.

"எது, சட்டமா? எல்லாம் புது மாடல்தான் சார்."

"உங்களைக் கேட்டேன்."

அவர்கள் பழமை வாரியத்திலிருந்து வந்திருந்தார்கள்.

பழமை வாரியத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு காலத்தில் அது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற அலுவலகமாக இருந்தது. அதன் பாதுகாப்பில் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிந்து, கடைசிக் கட்டடமும் போன பிறகு, ஊழியர்கள் மட்டும் மிச்சமிருந்தார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்ப மனமில்லாமல், பொதுவாகப் பழமையையே அவர்கள் பொறுப்பில் விட்டார்கள். அன்றிலிருந்து, பழசு போலத் தோன்றுகிற எதுவானாலும் அது எவ்வளவு பழசு என்று வாரியம் சொல்ல வேண்டும். சொல்லும்வரை அதை யாரும் அனுபவிக்கக் கூடாது.

"மண்டபத்துல பாடணும்னா அனுமதி வேணும்" என்றார் நாற்காலிக்காரர். இறங்குவதற்கு முன், வந்ததுதான் வந்தோம் என்று கண்ணையும் சோதித்துக்கொண்டார். தூரத்தில் இருப்பதெல்லாம் நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் இருப்பதுதான் தெரியவில்லை.

வாரிய அலுவலகத்துக்கு இருவரும் போனார்கள். வாசலில் ஒரு பியூன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போகிறவர்கள் அவர் முன்னால் நின்று ஒரு பெருமூச்சு விட வேண்டும். அதுதான் அங்கே நுழைவுச்சீட்டு. கண்ணாடிக்காரி விட்டாள்.

"செல்லாதும்மா" என்றார் பியூன். "அது அலுப்பு. இங்க வேண்டியது ஏக்கம். அடிவயித்துல இருந்து வரணும்."

மறுபடியும் விட்டாள். அதில் எரிச்சல் கலந்திருப்பதாகச் சொன்னார். நாத்தனார் முன்னால் வந்து ஒன்று விட்டாள். பியூன் எழுந்தே நின்றுவிட்டார். "ரெண்டு பேருக்கும் இது போதும், போங்க" என்றார்.

உள்ளே எல்லாச் சுவர்க்கடிகாரங்களும் நின்றுபோயிருந்தன. தானாக நிற்கவில்லை. அதற்கென்று ஓர் ஊழியர் இருந்தார். வாரியத்தின் இயக்குநர் பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடது பக்கம் புகை நிபுணர். வலது பக்கம் ஏக்க மதிப்பீட்டாளர், மெலிந்த இளைஞர். ஒரு பொருளைப் பார்த்தால் எவ்வளவு ஏக்கம் வருகிறது என்று மார்பில் கை வைத்துச் சொல்வது அவருடைய உத்தியோகம். அதற்கு அவர் படித்திருந்தார்.

"கடந்த காலம்ங்கறது என்னன்னு நினைச்சீங்க?" என்று இயக்குநர் ஆரம்பித்தார். "அது கிணறு மாதிரி. ஆளாளுக்கு வந்து இறைச்சுட்டுப் போனா, நாளைக்கு வர்ற தலைமுறை எதை நினைச்சு ஏங்கும்? இன்னைக்கு இருக்கறதை நினைச்சா? இன்னைக்கு என்னய்யா இருக்கு? நாங்க இருக்கோம். எங்களை நினைச்சு யாரு ஏங்குவா?"

புகை நிபுணர் ஆமோதித்துத் தலையாட்டி, பாதியில் நிறுத்தினார்.

"சார், நாங்க அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி சும்மா ஆசைக்குப் பாடறோம்" என்றாள் கண்ணாடிக்காரி.

"மாதிரியா? அப்போ போலி வகுப்புல வரும். போலின்னா, பார்த்தவுடனே போலின்னு தெரியணும். உங்க படத்துல அது தெரியலையே. அந்தக் காலத்தை நல்லா அறிஞ்சவன் நான். அப்போ எனக்கு உங்க வயசு."

"அப்போ இந்தப் பாட்டெல்லாம் கேட்டிருப்பீங்களே சார்."

"இல்ல. நான் அப்போ பரீட்சைக்குப் படிச்சுட்டு இருந்தேன்."

திரையில் "லைன்ல இருங்க" ஓடியது. லிஃப்ட் கதவு திறந்ததும் புகை நிபுணர் மூக்கைச் சுருக்கினார். திரையிலிருந்து வாசனை வரும் என்று எதிர்பார்க்கிறவர் போல இரண்டடி முன்னால் போனார். ஏக்க மதிப்பீட்டாளர் மார்பில் கை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். பாட்டு முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"என்ன வந்துச்சு?" என்றார் இயக்குநர்.

"ஏக்கம் வந்துச்சு சார். நிறைய."

"எதுக்கு?"

"அதுதான் தெரியல சார். நான் அப்போ பிறக்கல. ஆனா எதையோ விட்டுட்டு வந்துட்ட மாதிரி இருந்துச்சு."

இயக்குநர் இருவரையும் சந்தேகமாகப் பார்த்தார். பிறக்காத காலத்துக்கு ஏங்க வைப்பது கடுமையான விஷயம் என்று அவர் முகம் சொன்னது. வாரியமே நேரில் வந்து, இவர்கள் படமெடுக்கிற விதத்தைப் பார்த்து முடிவு செய்யும் என்றார்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாரியம் முழுவதும் லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கியது. மூன்றாவது பாட்டுக்கு அன்று படமெடுப்பதாக இருந்தது. கண்ணாடிக்காரி எல்லாருக்கும் டீ போட்டாள். நாத்தனாருக்கு முடி தயாராக வெகுநேரம் ஆயிற்று.

புகை இயந்திரம் ஓடத் தொடங்கியதும் நிபுணர் தரையில் படுத்துக்கொண்டு புகையைப் பார்த்தார். "இது புதுப் புகை" என்று அறிவித்தார். "சட்டுனு கலைஞ்சுடுது. பழைய புகைக்குப் பொறுமை ஜாஸ்தி. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுத்தான் போகும்."

"பழைய புகை எங்க சார் கிடைக்கும்?" என்று லிஃப்ட் மெக்கானிக் மரியாதையாகக் கேட்டார்.

"கிடைக்காது. அதுதான் அதோட மதிப்பே."

இயக்குநர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, விளக்கு சரியில்லை என்று விளக்கை நகர்த்தினார். அந்தக் காலத்தில் ஆட்கள் கேமராவுக்கு முதுகைக் காட்டிச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்து, கோரஸ் வரும்போது திரும்புவார்கள் என்று சொன்னார். எப்படி என்று கேட்டபோது, வாயால் விளக்க முடியாது என்று கணினி மேசையிலிருந்த நாற்காலியை இழுத்துப்போட்டுத் தானே உட்கார்ந்து திரும்பிக் காட்டினார். லிஃப்ட் மெக்கானிக் கேமராவை அணைக்க மறந்திருந்தார். "நல்லா வந்துச்சா?" என்றார் இயக்குநர். வந்தது, ஆனால் கொஞ்சம் சீக்கிரம் திரும்பிவிட்டீர்கள் என்றாள் நாத்தனார். இன்னொரு முறை திரும்பினார். மாலைக்குள் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தார். கோரஸ் வரும்போதெல்லாம் புகை நிபுணர் அவருக்குப் பின்னால் கையைக் கத்தரிபோல வெட்டி வெட்டி ஆடினார். ஏக்க மதிப்பீட்டாளர் மட்டும் ஓரத்தில் நின்று, பாடுகிற நாத்தனாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மார்பில் இருந்தது. அவருக்கு அன்று வேலை எதுவும் சொல்லப்பட்டிருக்கவில்லை.

போகும்போது இயக்குநர் கண்ணாடிக்காரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாற்பது வருஷத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் எனக்கு வயசு வந்திருக்கு" என்றார். நிச்சயம் அனுமதி கிடைத்துவிடும் என்று அன்று இரவு வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். நாத்தனார் கண்ணிமை நீலத்தைத் துடைக்காமலேயே சாப்பிட உட்கார்ந்தாள்.

தீர்ப்பு சொல்ல வாரியம் கூப்பிட்டது. பியூன் இந்த முறை நாத்தனாரைப் பார்த்ததுமே வழிவிட்டார்.

இயக்குநர் எழுந்து நின்று பேசினார். "மகிழ்ச்சியான செய்தி. உங்க படத்தை வயசு சொல்ற எங்க கருவியில போட்டுப் பார்த்தோம். அது அசல். போலி இல்ல. நாற்பது வருஷத்துக்கு முந்தின படம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், அதை நாங்க போன வருஷம் எங்க அப்பார்ட்மென்ட் லிஃப்ட்ல எடுத்தோம்" என்றாள் கண்ணாடிக்காரி. "எங்க வீட்டுக்காரர் எடுத்தார். கேமராதான் பழசு. நீங்களும் அடுத்த படத்துல நடிச்சிருக்கீங்களே."

"அந்தப் படத்தையும் போட்டுப் பார்த்தோம். அதுவும் அசல்தான். அதுல சுழல் நாற்காலியில ஒருத்தர் திரும்பறாரே, அவரும் அந்தக் காலத்து ஆள்தான்னு கருவி சொல்லுது. என்ன கம்பீரம்."

"சார், அது நீங்க."

"பார்க்கறவங்க எல்லாம் அப்படித்தான் சொல்றாங்க. ஜாடை இருக்கு." இயக்குநரின் குரல் தழுதழுத்தது. "இங்க பாருங்கம்மா. கருவி ஒண்ணு சொல்லுது. நீங்க ஒண்ணு சொல்றீங்க. கருவியை நாங்க ரொம்ப யோசிச்சு, உலகம் பூரா விசாரிச்சு வாங்கினோம். உங்களை அப்படி வாங்கல."

"அப்போ பாடினது யாரு?"

"ரப்பர் நிலான்னு ரெண்டு கலைஞர்கள். பெரிய மேதைகள். பாவம், இப்ப இல்ல."

"இல்லன்னா?"

"காலமாயிட்டாங்க. வேற எப்படி இருக்க முடியும்? நாற்பது வருஷமா அவங்ககிட்ட இருந்து ஒரு சத்தம் இல்ல. உயிரோட இருக்கற கலைஞர்கள் அவ்வளவு நாள் சும்மா இருந்து நான் பார்த்ததில்ல."

நாத்தனார் வாய் திறந்தாள். "என் புருஷன் என்னை என்னென்னமோ பண்ணார் சார். ஆனா இவ்வளவு தூரம் போகல."

இயக்குநர் அவளைக் கனிவோடு பார்த்தார். உண்மையான ரசிகர்களுக்கு இப்படி ஒரு மயக்கம் வருவது இயல்பு, தானே அந்தக் கலைஞர் என்று தோன்றும், அது நோயல்ல, பக்தி என்று ஆறுதல் சொன்னார். இருவரையும் முதல்தர ரசிகர்களாக வாரியம் அங்கீகரிப்பதாக அங்கேயே அறிவித்தார். மண்டபத்தில் அவர்கள் பாடுவதாக இருந்த அதே நாளில் ரப்பர் நிலாவுக்கு அஞ்சலிக் கூட்டம் நடக்கும். முதல்தர ரசிகர்கள் ஒரு பாட்டுப் பாடலாம். ஒரே ஒரு நிபந்தனை. அசலைவிடக் குறைவாகப் பாட வேண்டும்.

"ரெண்டு இடத்துலயாவது தப்பு வரணும்" என்றார் இயக்குநர். "எந்த இடம்ங்கறதை நீங்களே முடிவு பண்ணிக்கலாம். கலைஞனோட சுதந்திரத்துல வாரியம் தலையிடாது."

வீடு திரும்பியதும் லிஃப்ட் மெக்கானிக் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டார். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் முதலில் யாரும் கத்தக்கூடாது என்பது அவர் கொள்கை.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க" என்றார். "செத்தவங்களாவே இருந்துடுங்க. செத்தவங்களுக்கு லைசென்ஸ் கிடையாது, விசாரணை கிடையாது. புதுசா ஒரு பாட்டு எடுத்தா, பரண்ல கிடைச்சுதுன்னு சொல்லிடலாம். அவங்களே கொண்டாடுவாங்க. நிம்மதியா எத்தனை பாட்டு வேணும்னாலும் பண்ணலாம்."

கண்ணாடிக்காரிக்கு அது சரியாகத்தான் பட்டது. நாளெல்லாம் அந்த வில்லையா இந்த வில்லையா என்று ஆட்களைக் கேட்டுக் கேட்டு, தெளிவு என்பது ஏறக்குறையத்தான் கிடைக்கும் என்று அவளுக்குப் பழகியிருந்தது. "எதுவா இருந்தாலும் பாட்டு நம்ம பாட்டுதானே" என்றாள். சொல்லிவிட்டு நாத்தனாரைப் பார்த்தாள்.

நாத்தனார் சோபா மெத்தைத் தோள்களின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒரு வீட்ல அத்தனை வருஷம் செத்தவ மாதிரி இருந்தேன் அண்ணி. அங்கயும் லைசென்ஸ் கேக்கல. விசாரணை பண்ணல. நிம்மதியாத்தான் இருந்துச்சு அவங்களுக்கு." பிரித்த மெத்தையைத் தட்டி மடியில் வைத்தாள். "உங்க வீட்டுக்கு வந்து, அந்த லிஃப்ட் கதவு திறக்கும்போதுதான் நான் வெளிய வந்தேன். மறுபடி உள்ள போகச் சொல்லாதீங்க."

கண்ணாடிக்காரிக்கு முகம் சுட்டது. அன்று சமையலில் உப்பு அதிகமாக இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிச் சண்டை போடவில்லை. லிஃப்ட் மெக்கானிக்குக் கவலையாக இருந்தது.

அஞ்சலி நாளன்று நகர மண்டபம் நிரம்பியிருந்தது. மேடையின் நடுவில் நாத்தனாரின் படம் ஆள் உயரத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. நீல இமை, மேல்நோக்கிய முடி, கையில் தொலைபேசி. பக்கத்தில் உதடு அசையாத கண்ணாடிக்காரி. இருவர் காலடியிலும் வெள்ளைப் பூக்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர் ஒருவர் படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் வந்து நின்ற நாத்தனாரைப் பார்த்ததும், வழக்கம்போல லிஃப்ட் மெக்கானிக்கின் பக்கம் திரும்பி, "இவ நல்லா இருக்காளா?" என்று கேட்டார். பார்லருக்குப் போட்டுக்கொண்டு போகிற சாதாரண உடையில், பின்னால் முடியை ரப்பர் பேண்டில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள் அவள். முகத்தில் பவுடர்கூட இல்லை.

லிஃப்ட் மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவளையே கேளுங்க" என்றார். சொந்தக்காரர் அவளைக் கேட்கவில்லை.

இயக்குநர் பேசினார். மேதைகளின் கடைசி நாட்களைப் பற்றி உருக்கமாகச் சொன்னார். வறுமையில், யாரும் கவனிக்காமல், இருமிக்கொண்டே இறந்தார்களாம். "அவங்க உயிரோட இருந்தப்போ நம்ம வாரியம் என்ன செஞ்சுதுன்னு கேட்டா, மனசாட்சியோட சொல்றேன், அவங்களை நிம்மதியா இருக்க விடல. அதாவது, விட்டிருக்காது. இருந்திருந்தா. அதனால அவங்க முன்னாடியே போனது ஒரு வகையில நமக்கு நல்லது." கைதட்டினார்கள். "இப்போ எல்லாரும் எழுந்து நின்னு மௌன அஞ்சலி செலுத்துவோம். அதுக்கப்புறம் ரசிகைகள் பாட்டு. கொஞ்சம் தப்பா இருக்கும், பொறுத்துக்கணும்."

மண்டபம் எழுந்து நின்றது. தலைகள் குனிந்தன. மேடை ஓரத்தில் சின்தசைசர் முன்னால் கண்ணாடிக்காரியும் தலை குனிந்து நின்றாள். தன் சாவுக்குத் தானே எழுந்து நிற்பது இத்தனை சுலபமாக இருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்லாரும் குனிந்தால் தலை தானாகக் குனிந்துவிடுகிறது.

நாத்தனார் குனியவில்லை. மைக் முன்னால் போய் நின்றாள். மௌனத்தின் நடுவில் பாடத் தொடங்கினாள்.

புகை இல்லை. மழைக் குழாய் இல்லை. மண்டபத்தின் சாதாரண வெள்ளை விளக்குதான். யாரும் இதுவரை கேட்டிராத பாட்டு. கண்ணாடிக்காரியே கேட்டதில்லை.

கதவைத் தட்டாதீங்க, திறந்துதான் கிடக்கு.
யாரைத் தேடி வந்தீங்க? நான் இங்கதான் இருக்கேன்.
பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பேன்.
கூப்பிடாட்டியும் இங்கதான் இருக்கேன்.

மண்டபத்தில் பாதிப் பேர் தலையை நிமிர்த்தினார்கள். மீதிப் பேர், மௌனம் இன்னும் முடியவில்லையே என்று குனிந்தபடியே கேட்டார்கள். உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் சிலர் பாதியில் வளைந்து நின்றார்கள். இயக்குநர் மேடையில் எழுந்து, "மௌனம், மௌனம்" என்று சத்தமாகச் சொன்னார். இரண்டாவது அடியில் கண்ணாடிக்காரியின் விரல் சரியான கட்டையைத் தேடிப்போய் அழுத்தியது. அது ஒட்டிக்கொள்கிற கட்டை. ஒட்டிக்கொண்டது. அந்த ஒரே சுரம் விடாமல் அடியில் ஓட, அதன்மேல் ஏறி நாத்தனார் பாடினாள். பாட்டு முடியும்வரை கண்ணாடிக்காரி அந்தக் கட்டையை விடுவிக்க முயலவில்லை. அவளுடைய கன்னம் நனைந்திருந்தது. அதை அவள் துடைக்கவும் இல்லை.

பாட்டு முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. அஞ்சலிக் கூட்டத்தில் இப்போது தட்டலாமா என்று எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள்.

வாரியம் அங்கேயே, பூக்களுக்குப் பின்னால், அவசரக் கூட்டம் போட்டது. புகை நிபுணர் தனக்கு இதில் வேலை இல்லை என்று கழன்றுகொண்டார். இயக்குநர் ஏக்க மதிப்பீட்டாளரின் தோளைப் பிடித்தார். மைக் அணைக்கப்படாமலே இருந்ததால் மண்டபம் முழுவதும் கேட்டது.

"சொல்லு. ஏக்கம் எவ்வளவு வந்துச்சு?"

"வரல சார்."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட இல்ல சார். எதையும் விட்டுட்டு வந்த மாதிரி இல்ல. இப்பவே இங்கயே இருக்கணும் போல இருந்துச்சு." அவர் தன் மார்பைக் கையால் தடவிப் பார்த்தார். "இதுக்கு என்ன பேருன்னு எங்களுக்குச் சொல்லித்தரல."

இயக்குநர் மைக் முன்னால் வந்தார். அவர் முகத்தில் பெரிய சுமை இறங்கிய நிம்மதி தெரிந்தது.

"இந்தப் பாட்டு இப்போ நடக்கிற பாட்டுன்னு வாரியம் முடிவு பண்ணுது" என்றார். "பாடினவங்களும் இப்போ இருக்கறவங்கதான். இதுல வாரியத்துக்கு ஆட்சேபணை இல்ல. நிகழ்காலத்துல நடக்கிற எதுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எப்பவும் இருந்ததில்ல. தயவுசெஞ்சு இதை எல்லாரும் நினைவுல வச்சுக்கணும்."

அப்புறம்தான் கைதட்டல் வந்தது. மண்டபத்தின் பின்பக்கத்தில் தொடங்கி மெதுவாக முன்வரிசைக்கு வந்தது. அங்கிருந்த சொந்தக்காரர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தட்டினார். பிறகு மேடையை நோக்கி, நாத்தனாரையே நேராகப் பார்த்து, "நல்லா இருக்கியாம்மா?" என்றார். "கொஞ்சம் தண்ணி கிடைச்சா நல்லா இருப்பேன் மாமா" என்றாள் அவள். அவர் ஓடினார்.

ரப்பர் நிலா என்கிற பெயரை அவர்கள் இனிமேல் பயன்படுத்த முடியாது. அது இறந்தவர்களின் சொத்து. முதல் மூன்று படங்களும் வாரியத்தின் குளிர் அறையில் பூட்டப்பட்டுவிட்டன. அவற்றைப் பார்க்க விரும்பினால் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்ப் பார்க்கலாம். மூன்றாவது படத்தில் சுழல் நாற்காலியில் திரும்புகிற மர்ம மனிதர் யார் என்று ஆராய இயக்குநர் தன் தலைமையில் ஒரு குழு அமைத்திருக்கிறார். புதுப் பெயர் என்ன வைக்கலாம் என்பதில் அண்ணியும் நாத்தனாரும் மண்டபத்துப் படிகளிலேயே சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். பாட்டின் வேகத்தையும் இன்னும் கொஞ்சம் கூட்டலாம் என்றாள் அண்ணி. கூட்டவே கூடாது என்றாள் நாத்தனார். லிஃப்ட் மெக்கானிக் சின்தசைசரைத் தோளில் சுமந்துகொண்டு, மனம் லேசாகிப் பின்னால் இறங்கினார்.

கீழே ஏக்க மதிப்பீட்டாளர் நின்றுகொண்டிருந்தார். வாரியத்தின் அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்.

"அடுத்த பாட்டு எப்போ வரும்?" என்று நாத்தனாரைக் கேட்டார்.

"இன்னும் எழுதவே இல்லையே."

"பரவாயில்ல. காத்திருக்கேன்." அவர் இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தார். முகத்தில் கவலை. "வராத ஒண்ணுக்காகக் காத்திருக்கணும்னா, அதுக்கு எந்த ஆபீஸ்ல அனுமதி வாங்கணும்? உங்களுக்குத் தெரியுமா?"

நாத்தனார் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சத்தமாகச் சிரித்து அண்ணியோ அண்ணனோ கேட்டதில்லை. இருவரும் சண்டையையும் சுமையையும் மறந்து படியிலேயே நின்றுவிட்டார்கள்.